வால்வ், டிரான்சிஸ்டர், கிளாஸ் டி: ஆம்ப்ளிஃபையர்களின் ஒலியை வீட்டிலேயே ஒப்பிட ஒரு முழுமையான வழிகாட்டி

1978 ஜூலையில் இங்கிலாந்தின் 'வயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் ஜேம்ஸ் மோயர் ஒரு கேட்புச் சோதனையின் முடிவை எழுதினார். குவாட் நிறுவனத்தின் மூன்று ஆம்ப்ளிஃபையர்களை எடுத்துக்கொண்ட சோதனை அது. 1953-இல் வந்த வால்வ் ஆம்ப் (கண்ணாடிக் குழாய்களால் ஒலியைப் பெருக்குவது) குவாட் 2, 1967-இல் வந்த டிரான்சிஸ்டர் ஆம்ப் 303, 1975-இல் வந்த இன்னொரு டிரான்சிஸ்டர் ஆம்ப் 405. காது பழகிய ஆட்களை உட்காரவைத்து, எது ஒலிக்கிறது என்று சொல்லாமல் மாற்றி மாற்றிக் கேட்கவைத்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒன்றைச் சொல்லியிருந்தால் என்ன மதிப்பெண் வந்திருக்குமோ, கிட்டத்தட்ட அதுதான் அவர்களுக்கும் வந்தது.

அப்படியானால் வால்வ் ஆம்பில் ஒரு கதகதப்பு இருக்கிறது, மலிவான கிளாஸ் டி போர்டில் (மின்சாரத்தை மிக வேகமாகத் திறந்து மூடிப் பெருக்கும் ஆம்ப்) மேல்ஸ்தாயி கூர்மையாகக் கேட்கிறது என்று இத்தனை பேர் சொல்வதெல்லாம் வெறும் பிரமையா? இல்லை. ஒரு 300பி வால்வ் போட்ட 8 வாட் ஆம்பையும் ஒரு நல்ல டிரான்சிஸ்டர் ஆம்பையும் அதே ஸ்பீக்கரில் மாற்றிப் போட்டால், பல நேரம் யாருக்கு வேண்டுமானாலும் வித்தியாசம் தெரியும். இரண்டுமே உண்மைதான். எந்தச் சூழலில் வித்தியாசம் கேட்கும், எதில் கேட்காது, கேட்டால் அது எதனால் என்று நம் வீட்டிலேயே, நம் ஸ்பீக்கரிலேயே கண்டுபிடிக்க முடியும். பெரிய செலவில்லை. ஒரு விடுமுறை நாளும் கூட ஒரு ஆளும் போதும்.

முதலில்: வித்தியாசம் எங்கிருந்து வருகிறது

ஒரு ஆம்பின் ஒலி இன்னொன்றிலிருந்து வேறுபடுவதற்குப் பெரும்பாலும் நான்கு காரணங்கள்தான்.

முதலாவது, சத்த அளவு. இரண்டில் ஒன்று அரை டெசிபெல் கூடுதலாக ஒலித்தால், அதைக் காது "சத்தம் அதிகம்" என்று எடுத்துக்கொள்ளாது. "தெளிவாக இருக்கிறது", "பேஸ் நன்றாக இருக்கிறது" என்றுதான் எடுத்துக்கொள்ளும். சத்தம் ஏற ஏறத் தாழ்ந்த ஒலிகள் காதுக்கு எடுப்பாகக் கேட்கும் என்பதை ஃபிளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். கடைகளில் நடக்கும் ஒப்பீடுகளில் முக்கால்வாசி இங்கேயே விழுந்துவிடுகின்றன.

இரண்டாவது, ஆம்பின் வெளியீட்டு இம்பீடன்ஸ், அதாவது ஸ்பீக்கருக்குப் போகும் வழியில் ஆம்புக்குள்ளேயே இருக்கும் மின்தடை. வால்வ் ஆம்ப் என்றாலே ஒலி வேறு என்ற பெயர் வந்ததற்கு என் கணக்கில் முதல் காரணம் இதுதான். எட்டு ஓம் என்று அட்டையில் போட்டிருக்கும் ஸ்பீக்கர் எல்லா அலைவரிசையிலும் எட்டு ஓமாக இருப்பதில்லை. ஓரிடத்தில் 4 ஓமுக்கு இறங்கும், பேஸ் ஒத்ததிர்வில் (ஸ்பீக்கர் கூம்பு எளிதாக அதிரும் தாழ்ந்த அலைவரிசையில்) 20 ஓமுக்கு ஏறும். ஆம்பின் வெளியீட்டு இம்பீடன்ஸ் 2 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கர் 4 ஓமாக இருக்கும் இடத்தில் 3.5 டெசிபெல் இழப்பு, 20 ஓமாக இருக்கும் இடத்தில் 0.8 டெசிபெல்தான் இழப்பு. அதாவது ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் கோட்டின் மேடுபள்ளம் அப்படியே ஒலியில் 2.7 டெசிபெல் மேடுபள்ளமாக விழுகிறது. இதே கணக்கை 0.05 ஓம் உள்ள டிரான்சிஸ்டர் ஆம்புக்குப் போட்டால் வித்தியாசம் 0.1 டெசிபெல்கூட வராது. 2.7 டெசிபெல் என்பது டோன் கண்ட்ரோலை நன்றாகவே திருப்பிவைத்தது மாதிரி.

மூன்றாவது, கிளிப்பிங். ஆம்பின் சக்தி தீரும் இடத்தில் அலையின் தலை வெட்டுப்படுவது. ஃபீட்பேக் (வெளியீட்டின் ஒரு பகுதியை உள்ளீட்டோடு ஒப்பிட்டுப் பிழையைத் திருத்தும் ஏற்பாடு) குறைவான வால்வ் ஆம்ப் மெதுவாகத் தலையை அமுக்கும், டிரான்சிஸ்டர் ஆம்ப் சட்டென்று வெட்டும்.

நான்காவது, இரைச்சலும் ஹம்மும் (மின்சார லைனிலிருந்து வரும் 'ம்ம்' என்ற ரீங்காரம்). இது ஒலியின் குணம் இல்லை, ஆனால் எது எந்த ஆம்ப் என்று காட்டிக்கொடுத்துவிடும்.

கிளாஸ் டி பற்றித் தனியாக ஒரு வார்த்தை. வெளியே வரும் வழியில் ஒரு கம்பிச்சுருளும் கெபாசிட்டரும் ஃபில்டராக நிற்கும். டிபிஏ 3116 போன்ற சிப்களில் ஃபீட்பேக் அந்த ஃபில்டருக்கு முன்னாலேயே எடுக்கப்படுவதால், ஸ்பீக்கரின் இம்பீடன்ஸைப் பொறுத்து 10,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒன்றிரண்டு டெசிபெல் ஏறலாம், இறங்கலாம். புரூனோ புட்ஸேஸ் வடிவமைத்த ஹைபெக்ஸ் யூசிடி, என்கோர் வகைகளில் ஃபீட்பேக் ஃபில்டருக்குப் பின்னாலிருந்து வருவதால் இந்தச் சிக்கல் இல்லை. ஆகவே "கிளாஸ் டி ஒலி" என்று ஒன்றைப் பொதுவாகப் பேசுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. எந்த கிளாஸ் டி, எந்த ஸ்பீக்கரில் என்று கேட்டுத்தான் பேச வேண்டும்.

தேவையானவை

ஒப்பிட வேண்டிய ஆம்ப்கள். மூன்று இருந்தால் இரண்டிரண்டாக ஒப்பிடுங்கள், மூன்றையும் ஒரே நேரத்தில் வேண்டாம். நன்றாகப் பழகிய ஒரு ஸ்பீக்கர். ஆமாம், ஒன்றே போதும். இடது வலது என்ற மேடை அமைப்பு இல்லாதபோது காது தொனியை மட்டும் கவனிக்கும், வயரிங் வேலையும் பாதியாகும்.

அப்புறம் ஏசி மில்லிவோல்ட் வரை காட்டும் டிஜிட்டல் மல்டிமீட்டர், 8 ஓம் 50 வாட் வயர்வவுண்ட் ரெசிஸ்டர் இரண்டு, 2 ஓம் 20 வாட் ரெசிஸ்டர் ஒன்று, நான்கு போல் டபுள் த்ரோ டாகிள் சுவிட்ச் ஒன்று (நான்கு இணைப்புகளை ஒரே கைப்பிடியால் இரண்டு பக்கமும் மாற்றுவது, 5 ஆம்பியராவது தாங்க வேண்டும்), 10 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டர், ஒரே சிக்னலை இரண்டாகப் பிரிக்கும் ஒய் கேபிள். சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி தெருவில் ஒரு மணி நேரத்தில் எல்லாம் கிடைத்துவிடும். கணினியில் 'ரூம் ஈக்யூ விசார்ட்' என்ற இலவச மென்பொருளைப் போட்டுக்கொண்டால் டோன் உருவாக்கவும், பின்னால் அளக்கவும் உதவும்.

படி 1: ஆம்ப்கள் ஆரோக்கியமாக இருக்கின்றனவா என்று பாருங்கள்

பழுதான ஆம்பை நல்ல ஆம்போடு ஒப்பிட்டு ஒரு தொழில்நுட்பத்தையே குறை சொல்லக்கூடாது. உள்ளீட்டை ஷார்ட் செய்துவிட்டு ஸ்பீக்கர் முனைகளில் டிசி அளவைப் பாருங்கள். டிரான்சிஸ்டர் ஆம்பில் சில பத்து மில்லிவோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். வோல்ட் கணக்கில் காட்டினால் ஸ்பீக்கரை இணைக்கவே வேண்டாம். புஷ்-புல் வால்வ் ஆம்பில் (அலையின் இரு பாதியையும் இரண்டு வால்வ்கள் பகிர்ந்துகொள்ளும் வகை) பயஸ், அதாவது சிக்னல் இல்லாதபோதும் ஓடும் அடிப்படை மின்னோட்டம், சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். கிளாஸ் ஏபி ஆம்பில் (வழக்கமான டிரான்சிஸ்டர் ஆம்ப்கள் பெரும்பாலும் இந்த வகை) பயஸ் மிகக் குறைந்திருந்தால் மெல்லிய பாட்டில் ஒரு கரகரப்பு கேட்கும். கிராஸ்ஓவர் டிஸ்டார்ஷன் என்பது அதுதான். பழைய ஆம்ப்களில் கெபாசிட்டர் காய்ந்துபோயிருந்தால் 100 ஹெர்ட்ஸ் ஹம் வரும்.

டோன் கண்ட்ரோல்களை நடுவில் வையுங்கள். பேஸைத் தூக்கிக் காட்டும் லவுட்னஸ் பட்டன் இருந்தால் அணையுங்கள். பலர் அதை மறந்துவிட்டு "இந்த ஆம்பில் பேஸ் அள்ளுகிறது" என்று எழுதுகிறார்கள்.

வால்வ் ஆம்பைத் திறப்பவர்கள் கவனிக்கவும்: உள்ளே 300 முதல் 450 வோல்ட் வரை டிசி இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் கெபாசிட்டரில் அது தங்கியிருக்கும். டிஸ்சார்ஜ் செய்யத் தெரியாதவர்கள் கீழ்மூடியைக் கழற்றாதீர்கள்.

படி 2: மாற்றுப் பெட்டி

கேட்ட ஒலி காதில் அப்படியே நிற்பது சில விநாடிகள்தான். ஒரு ஆம்பின் வயரைக் கழற்றி இன்னொன்றில் மாட்டுவதற்குள் நினைவு போய்விடும், நினைப்பு வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆகவே கண்ணிமைக்கும் நேரத்தில் மாற்ற வேண்டும்.

இதில் மூன்று ஆபத்துகள் உண்டு, மூன்றும் ஆம்பைக் கொல்லக்கூடியவை. இரண்டு ஆம்ப்களின் வெளியீடுகள் ஒரு கணம்கூட ஒன்றோடொன்று தொடக்கூடாது. கிளாஸ் டி போர்டுகள் பலவற்றில் மைனஸ் முனை கிரவுண்டு கிடையாது, அதிலும் சிக்னல் இருக்கும். ஆகவே மைனஸ்களைப் பொதுவாக இணைத்துவிட்டு பிளஸ்ஸை மட்டும் மாற்றும் மலிவான ஸ்பீக்கர் செலக்டர்கள் வேண்டவே வேண்டாம். மூன்றாவது, சிக்னல் ஓடிக்கொண்டிருக்கும் வால்வ் ஆம்பை லோடு இல்லாமல் விட்டால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் வோல்டேஜ் எகிறி உள்ளே இன்சுலேஷன் பொத்துக்கொள்ளும்.

நான்கு போல் சுவிட்ச் மூன்றையும் ஒரே அடியில் தீர்க்கிறது. வால்வ் ஆம்பின் பிளஸ், மைனஸ் இரண்டையும் முதல் இரண்டு போல்களின் நடுமுனைகளுக்குக் கொடுங்கள். சுவிட்ச் மேலே இருக்கும்போது அவை ஸ்பீக்கருக்குப் போகட்டும், கீழே இருக்கும்போது 8 ஓம் ரெசிஸ்டருக்குப் போகட்டும். இரண்டாவது ஆம்பின் பிளஸ், மைனஸ் மற்ற இரண்டு போல்களுக்கு. அவை கீழே இருக்கும்போது மட்டும் ஸ்பீக்கருக்கு, மேலே இருக்கும்போது எங்கும் இல்லை. இரண்டாவதும் வால்வ் ஆம்ப் என்றால் அங்கே இன்னொரு 8 ஓம் ரெசிஸ்டர். ஒரே கைப்பிடி எல்லாக் கான்டாக்டையும் சேர்த்து நகர்த்துவதால், விட்ட பிறகுதான் அடுத்ததைத் தொடும். இரண்டு தனித்தனி ரிலேக்களை வைத்துச் செய்யாதீர்கள். ஒன்று விடுவதற்கு முன் இன்னொன்று பிடித்துவிடும் வாய்ப்பு இருக்கிறது. ஆம்ப்களை இணைக்கும் முன், பெட்டியை மல்டிமீட்டரின் பஸ்ஸர் வைத்து ஒவ்வொரு முனையாகச் சோதித்துவிடுங்கள்.

ஒய் கேபிள் மூலம் இரண்டு ஆம்புக்கும் ஒரே சிக்னல் போகும். இரண்டும் சேர்ந்ததும் ஹம் வந்தால் அது கிரவுண்டு லூப், இரண்டு ஆம்பின் எர்த் இணைப்புகளும் சேர்ந்து ஒரு வளையமாகிவிட்டன. எல்லாப் பிளக்குகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் அடங்கும். எர்த் பின்னை வெட்டி ஹம்மை நிறுத்தும் வேலை மட்டும் கூடாது.

படி 3: சத்த அளவைச் சமமாக்குதல்

இந்த ஒரு படியைச் சரியாகச் செய்தாலே ஆம்ப்களைப் பற்றி இணையத்தில் படித்த பாதி விஷயங்கள் காணாமல் போகும். அவசரப்படாதீர்கள்.

எல்லா ஆம்ப்களையும் அரை மணி நேரம் சூடேற விடுங்கள். 1000 ஹெர்ட்ஸ் டோனை ஓடவிடுங்கள். மல்டிமீட்டரை ஸ்பீக்கரின் முனைகளிலேயே வையுங்கள், ஸ்பீக்கர் இணைந்திருக்க வேண்டும். முதல் ஆம்பில் 2.00 வோல்ட் வரும்படி வையுங்கள். எட்டு ஓமில் இது அரை வாட், வீட்டு அறைக்குப் போதுமான சத்தம். டோன் காதை உறுத்தும், ஆகவே அளக்கும் நேரம் மட்டும் ஓடவிட்டு நிறுத்துங்கள்.

இப்போது சுவிட்சை மாற்றி இரண்டாவது ஆம்பையும் 2.00 வோல்ட்டுக்குக் கொண்டுவாருங்கள். எது அதிகம் ஒலிக்கிறதோ அதன் உள்ளீட்டில் 10 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டரை வைத்துக் குறைக்கலாம். 1.98-க்கும் 2.02-க்கும் இடையில் நிற்க வேண்டும். 0.1 டெசிபெல் என்றால் வோல்ட்டில் 1.2 சதவீதம்தான். காதால் சமமாக்க முடியாத அளவு இது, அதனால்தான் மீட்டர். மொபைலில் இருக்கும் சத்தமானி செயலிகள் இதற்குப் போதாது, ஆள் நகர்ந்தாலே அது அரை டெசிபெல் மாறிக் காட்டும்.

விலை குறைந்த மீட்டர் 1000 ஹெர்ட்ஸில் சரியாகக் காட்டாதே என்ற சந்தேகம் வரும். காட்டாமல் இருக்கட்டும். ஒரே மீட்டரால் ஒரே அலைவரிசையில் இரண்டு ஆம்பையும் அளக்கிறோம். தப்பாகக் காட்டினாலும் இரண்டுக்கும் ஒரே தப்பு, ஒப்பீடு கெடாது. கிளாஸ் டி-யில் மட்டும் ஒரு கவனம் வேண்டும். வெளியீட்டில் சில லட்சம் ஹெர்ட்ஸ் சுவிட்சிங் மிச்சம் இருக்கும், சில மீட்டர்கள் அதையும் சேர்த்துக்கொள்ளும். மீட்டருக்கு முன்னால் 1 கிலோ ஓம் ரெசிஸ்டரைத் தொடராகவும், மீட்டர் முனைகளுக்குக் குறுக்கே 10 நானோஃபாரட் கெபாசிட்டரையும் போட்டால் அது வடிந்துவிடும். இரண்டு ஆம்பையும் இதே ஏற்பாட்டில் அளக்க வேண்டும்.

சமமாக்கிய பிறகு சத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டுமென்றால் கணினியில் மட்டும். ஆம்பின் கைப்பிடிகளை யாரும் தொடக்கூடாது, ஒரு டேப் ஒட்டிவிடுவது நல்லது. மாலையில் லைன் வோல்டேஜ் இறங்கும் ஊர்களில் வால்வ் ஆம்பின் அளவு கொஞ்சம் நகரும். நடுவில் ஒருமுறை மீண்டும் அளந்துகொள்ளுங்கள்.

படி 4: வெளியீட்டு இம்பீடன்ஸை அளத்தல்

இதைத் தவிர்த்துவிட்டும் சோதனை நடத்தலாம். ஆனால் பின்னால் "ஏன் வேறு மாதிரி கேட்டது" என்ற கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. பத்து நிமிட வேலை.

ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, இரண்டு 8 ஓம் ரெசிஸ்டர்களைத் தொடராகப் போட்டு 16 ஓம் லோடு கொடுங்கள். 400 ஹெர்ட்ஸ் டோனில் வோல்ட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். சிக்னலை நிறுத்திவிட்டு ஒரே ஒரு 8 ஓமுக்கு மாற்றி, அதே சிக்னலில் மறுபடி அளந்து பாருங்கள். 16 ஓமில் 2.22 வோல்ட், 8 ஓமில் 2.00 வோல்ட் என்று வந்தால்: வோல்ட் வித்தியாசம் 0.22. கரண்ட் 8 ஓமில் 0.25 ஆம்பியர், 16 ஓமில் 0.139 ஆம்பியர், வித்தியாசம் 0.111. 0.22-ஐ 0.111-ஆல் வகுத்தால் 2 ஓம். இதுதான் அந்த ஆம்பின் வெளியீட்டு இம்பீடன்ஸ்.

டிரான்சிஸ்டர் ஆம்பில் இரண்டு அளவும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். இந்த முறையில் அதைத் துல்லியமாகக் கண்டுபிடிக்க முடியாது, தேவையும் இல்லை.

படி 5: எதைக் கேட்பது

பிடித்த பாட்டைப் போட்டு ஆரம்பிப்பதுதான் எல்லோருக்கும் தோன்றும். ஆனால் பாட்டு நகர்ந்துகொண்டே இருக்கும். சுவிட்சை மாற்றும் கணத்தில் பாட்டும் மாறிவிட்டால் எதை ஒப்பிடுவது? ஆகவே முதலில் மாறாமல் நிற்கும் ஒலி வேண்டும். பிங்க் நாய்ஸ், அதாவது எல்லா ஸ்தாயியிலும் சம வலு உள்ள, அருவி மாதிரி இரைச்சல், இதற்கு மிகச் சிறந்தது. தொனியில் சிறு மாற்றம் வந்தாலும் அந்த இரைச்சலின் நிறம் மாறுவது பளிச்சென்று தெரியும்.

பிங்க் நாய்ஸ் பிடிக்காதவர்களுக்கு நம்மிடம் அதைவிட நல்ல ஒன்று இருக்கிறது: தம்புரா. ஜீவா நூல் (தந்திக்கும் குதிரைக்கும் நடுவில் வைக்கும் மெல்லிய நூல்) போட்டு மீட்டிய தம்புராவில் ஒவ்வொரு தந்தியிலிருந்தும் மேல் ஸ்வரங்கள் அடுக்கடுக்காகக் கிளம்பி மெதுவாக நிறம் மாறும். கீழ் ஷட்ஜமத்திலிருந்து காற்றோட்டமான மேல்முனை வரை எல்லாம் அதில் உண்டு, திரும்பத் திரும்ப ஒரே சுற்றில் வரும். ஒரு சுற்று முடிந்து அடுத்த சுற்று தொடங்கும் இடத்தில் சுவிட்சை மாற்றினால் ஒப்பீடு சுத்தமாக இருக்கும். ஆம்பில் இன்டர்மாடுலேஷன் டிஸ்டார்ஷன் (இரண்டு ஸ்வரங்கள் கலந்து பதிவில் இல்லாத ஒலிகள் பிறப்பது) இருந்தால் தம்புராவின் அடியில் ஒரு மூட்டம் சேரும். நுணுக்கமாகக் கேட்கப் பழக இதைவிட நல்ல ஆசிரியர் எனக்குத் தெரிந்து இல்லை.

அடுத்து மிருதங்கம், முடிந்தால் தனி ஆவர்த்தனம். தொப்பியின் (இடது பக்கத்தின்) கும்கி, அந்த இழுக்கும் தாழ்ந்த ஒலி, எந்த அளவுக்கு இழுபடுகிறது என்று கவனியுங்கள். வெளியீட்டு இம்பீடன்ஸ் கூடுதலான ஆம்பில் பேஸ் ஒத்ததிர்வுப் பகுதி ஏறி, கும்கி கொஞ்சம் கொழுத்துக் கேட்கும். வலந்தலையின் (வலது பக்கத்தின்) மீட்டு மாறாமல் இருக்கும். ஒரே வாத்தியத்தின் இரு முகங்களில் ஒன்று மாறி ஒன்று மாறாமல் இருப்பதைக் கேட்டால், காரணம் எந்தப் பகுதியில் இருக்கிறது என்று உடனே புரியும்.

பழகிய ஒரு குரல் பதிவும் வேண்டும், பின்னணி அதிகம் இல்லாததாக. தவிலும் நாகஸ்வரமும் கலந்த பதிவை எடுத்துவைத்துக்கொள்ளுங்கள், அது கடைசிப் படிக்கு.

படி 6: பெயர் தெரியாமல் கேட்டல்

முதலில் தெரிந்தே மாற்றிக் கேளுங்கள். எங்கே வித்தியாசம் இருப்பதாகப் படுகிறதோ அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். "தம்புராவின் மேல்முனை மங்குகிறது" என்பது போல ஒரு வாக்கியமாக எழுதிவிடுங்கள். அப்புறம் அந்த இடத்தை மட்டும் வைத்துச் சோதனை.

கூட இருப்பவர் திரைக்குப் பின்னாலோ உங்கள் முதுகுக்குப் பின்னாலோ சுவிட்சோடு உட்காரட்டும். சோதனைக்கு முன்பே அவர் நாணயத்தைச் சுண்டி 16 சுற்றுக்கான வரிசையை ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். தன் இஷ்டப்படி மாற்றினால் ஒரு ஒழுங்கு வந்துவிடும், நாமும் அதைப் பிடித்துவிடுவோம். ஒவ்வொரு சுற்றிலும் முதலில் 'அ' என்று சொல்லி ஒன்று, 'ஆ' என்று சொல்லி மற்றது, பிறகு பெயர் சொல்லாமல் ஒன்று. அது அ-வா ஆ-வா என்று நீங்கள் எழுத வேண்டும். 'அ', 'ஆ' இரண்டையும் எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பக் கேட்டு வாங்கலாம். இதில் அவசரம் கிடையாது.

இங்கே பலர் கோட்டைவிடும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சுவிட்ச் 'டக்' என்று சத்தம் போடும். 'ஆ'-வுக்குப் பிறகு சத்தம் வரவில்லையென்றால் மாறவில்லை, அதுவும் ஆ-தான் என்று காது கண்டுபிடித்துவிடும். ஆகவே ஒவ்வொரு மாற்றத்துக்கும் அவர் ஒலியை நிறுத்தி, சுவிட்சை இரண்டு மூன்று முறை ஆட்டிவிட்டு வேண்டிய இடத்தில் நிறுத்தி, பிறகு ஒலியைத் தொடங்க வேண்டும். ஸ்பீக்கரில் காதை வைத்தால் மட்டும் கேட்கும் 'உஸ்' சத்தமும் இப்படித்தான், உட்காரும் இடத்தில் அது கேட்காத அளவுக்குத் தள்ளி உட்காருங்கள். முகத்தைப் பார்த்துக்கொள்ளாதீர்கள், சுற்று நடக்கும்போது சரியா தப்பா என்று அவர் சொல்லவும் கூடாது.

16-இல் 12 அல்லது அதற்கு மேல் சரியாக வந்தால் வித்தியாசம் உங்கள் காதுக்குக் கேட்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். வெறும் குருட்டு யூகத்தில் அப்படி வர வாய்ப்பு 4 சதவீதத்துக்கும் குறைவு. 11 வந்தால் அந்த வாய்ப்பு 10 சதவீதத்தைத் தாண்டிவிடும், இன்னொரு நாள் புதுக் காதோடு திரும்பச் செய்யுங்கள். 8, 9 என்று வந்தால் வித்தியாசம் இல்லவே இல்லை என்று நிரூபணமாகிவிடாது. அந்த ஸ்பீக்கரில், அந்தப் பதிவில், அந்த அளவில் உங்களுக்குக் கேட்கவில்லை, அவ்வளவுதான். களைப்பு வந்ததும் நிறுத்திவிடுங்கள்.

தனியாக இருப்பவர்களுக்கும் வழி உண்டு. ஆம்ப் ஸ்பீக்கரை ஓட்டிக்கொண்டிருக்கும்போதே அதன் முனைகளிலிருந்து 10 கிலோ ஓம், 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் பிரிப்பான் வழியாகச் சவுண்ட் கார்டில் பதிவு செய்து, இரண்டு பதிவுகளின் அளவையும் சமமாக்கி, 'ஃபூபார் 2000' மென்பொருளின் ஏபிஎக்ஸ் கருவியில் (மேலே சொன்ன அ, ஆ சோதனையைக் கணினியே நடத்துவது) ஒப்பிடலாம். மைனஸ் முனை கிரவுண்டாக இல்லாத கிளாஸ் டி போர்டில் இதைச் செய்யாதீர்கள். சவுண்ட் கார்டின் கிரவுண்டு வழியாக வெளியீடு ஷார்ட் ஆகிவிடும்.

படி 7: கேட்டால், காரணத்தைப் பிடியுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த படி இதுதான். பெயர் தெரியாமலே வால்வ் ஆம்பைக் கண்டுபிடித்துவிட்டீர்கள், 16-க்கு 15. அருமை. இப்போது டிரான்சிஸ்டர் ஆம்பின் பிளஸ் முனைக்கும் மாற்றுப் பெட்டிக்கும் நடுவில் அந்த 2 ஓம் ரெசிஸ்டரைப் போடுங்கள். படி 4-இல் வால்வ் ஆம்புக்கு என்ன அளவு வந்ததோ அதற்கு நெருக்கமான மதிப்பு வேண்டும். ஸ்பீக்கர் முனையில் மீண்டும் 2.00 வோல்ட்டுக்குச் சமமாக்குங்கள், இதை விட்டுவிட்டால் எல்லாம் வீண். மறுபடி அதே 16 சுற்று.

ஃபீட்பேக் உள்ள புஷ்-புல் வால்வ் ஆம்ப்களில் பெரும்பாலும் மதிப்பெண் சரிந்துவிடும். அந்தக் கதகதப்பு, அந்தக் கொழுத்த கும்கி, எல்லாம் சில ரூபாய் ரெசிஸ்டர் போட்ட டிரான்சிஸ்டர் ஆம்பிலும் வந்து நிற்கும். வால்வின் மதிப்பு இதனால் குறைகிறது என்று நான் நினைக்கவில்லை. கேட்ட வித்தியாசம் உண்மை என்பதும், அது எங்கே இருக்கிறது என்பதும் ஒரே நேரத்தில் கையில் கிடைக்கிறது. அது பெரிய சந்தோஷம்.

1985-இல் அமெரிக்காவில் பாப் கார்வர் இதைவிடப் பெரிய அளவில் செய்துகாட்டினார். 'ஸ்டீரியோஃபைல்' இதழ் தேர்ந்தெடுத்த விலை உயர்ந்த ஒரு ஆம்பைப் போலவே தன் டிரான்சிஸ்டர் ஆம்பை ஒலிக்கவைக்கிறேன் என்று சவால் ஏற்றார். அது ஒரு வால்வ் ஆம்ப். இரண்டு ஆம்ப்களின் வெளியீட்டையும் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, மிஞ்சும் ஒலியைக் குறைத்துக்கொண்டே போனார். கடைசியில் அந்த இதழின் ஆசிரியர்களாலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ஃபீட்பேக் இல்லாத சிங்கிள் எண்டட் ஆம்பில் (முழு அலையையும் ஒரே வால்வ் பெருக்கும் வகை) ரெசிஸ்டர் போட்ட பிறகும் வித்தியாசம் மிஞ்சலாம். அங்கே இரண்டாம் ஹார்மோனிக் டிஸ்டார்ஷன் (மூல ஒலிக்கு இரு மடங்கு அலைவரிசையில் சேரும் கூடுதல் ஒலி) சத்தத்தோடு சேர்ந்து ஏறுவதும், டிரான்ஸ்ஃபார்மர் மிகத் தாழ்ந்த ஒலியையும் மிக உயர்ந்த ஒலியையும் குறைப்பதும் சேர்ந்துகொள்ளும். சிக்னலைப் பாதியாகக் குறைத்துச் சோதித்துப் பாருங்கள். வித்தியாசம் மறைந்தால் டிஸ்டார்ஷன், மறையாவிட்டால் அலைவரிசைச் சரிவு.

கிளாஸ் டி-யில் வித்தியாசம் மேல்ஸ்தாயியில் மட்டும் கேட்டால் ஃபில்டரைச் சந்தேகியுங்கள். வேறொரு ஸ்பீக்கரில் போட்டு அந்தக் கூர்மை மாறுகிறதா என்று பாருங்கள்.

படி 8: சத்தமாக வைத்து ஒருமுறை

இதுவரை எல்லாம் அரை வாட்டைச் சுற்றி நடந்தது. தவிலும் நாகஸ்வரமும் இப்போது வரட்டும்.

ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் 85 டெசிபெல் தரும் ஸ்பீக்கரில், சாதாரண அறையில் இரண்டரை மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் சுமார் 80 டெசிபெல் கிடைக்கும். நன்றாக ரசிக்கும் சத்தம் அது. ஆனால் நேரடிப் பதிவில் தவிலின் அடி சராசரியைவிட 15 டெசிபெல் மேலே போகலாம். சராசரிக்கு ஒரு வாட் என்றால் அந்த அடிக்கு 32 வாட் வேண்டும். 8 வாட் ஆம்பால் 9 டெசிபெல் வரைதான் ஏற முடியும், மிச்சம் அமுங்கிவிடும். ஆஸிலோஸ்கோப் இருந்தால் ஸ்பீக்கர் முனையில் பாருங்கள்: 8 ஓமில் 8 வாட் என்றால் உச்சம் 11.3 வோல்ட். அடி விழும்போதெல்லாம் அலை அங்கே போய் முட்டுகிறதா என்று தெரிந்துவிடும்.

முட்டும் அளவில் இரண்டு ஆம்பும் வேறு மாதிரி ஒலிப்பது இயல்பு. அமுங்கிய தவில் சிலருக்கு இதமாகவே கேட்கும், முழு அடியும் வரும் ஆம்ப் அதன் பக்கத்தில் முரட்டுத்தனமாகப் படும். அதை விருப்பம் என்று எழுதிக்கொள்ளலாம். ஆனால் தாளில் 'கிளிப்பிங் அளவில்' என்று தனியாகக் குறித்துவிடுங்கள், அரை வாட் முடிவோடு கலக்கவேண்டாம். டிரான்சிஸ்டர் ஆம்பைக் கிளிப்பிங்கில் நீண்ட நேரம் ஓட்டினால் ட்வீட்டர் கருகும், ஓரிரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். காதுக்கும் அது நல்லதில்லை.

புது ஆம்ப் வாங்க யோசிப்பவர்கள் இந்தத் தாளை முன்னால் வைத்துக்கொண்டு யோசியுங்கள். அரை வாட்டில் பிரித்தறிய முடியவில்லை, சத்தமாக வைத்தால் முட்டுகிறது என்றால் தேவை அதிக வாட் உள்ள எந்த நல்ல ஆம்பும். ரெசிஸ்டர் போட்டதும் ஒலி பிடித்துப்போனால், அந்த ரெசிஸ்டரை ஒரு மாதம் அப்படியே விட்டுவைத்துக் கேளுங்கள். அப்போதும் பிடித்திருந்தால் வால்வ் ஆம்ப் வாங்கலாம், ஆனால் அந்த ஸ்பீக்கரோடு சேர்த்து யோசித்து வாங்குங்கள். ஸ்பீக்கரை மாற்றினால் அதன் இம்பீடன்ஸ் கோடும் மாறும், படி 3-லிருந்து எல்லாவற்றையும் திரும்பச் செய்ய வேண்டும்.